மீனுக்குக் குரல்வளை இல்லை, சரி. அப்போ வாவியில் பாடுவது யார்?

வாசகர் கேள்வி, 2023 மே 12

திருக்கோவிலில் இருந்து எழுதுகிறேன். மட்டக்களப்பு வாவியில் இரவில் மீன் பாடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எட்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் அதைப் பேச்சுப் போட்டிக்கு 'பாடும் மீன்' என்று எழுதிக்கொண்டு போனான். மீனுக்குக் குரல்வளையே இல்லை, அதெல்லாம் ஊர்க்கதை, வேறு தலைப்பு எடு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை முகம் வாடி வந்தான். மட்டக்களப்பில் இருப்பவர்கள் யாராவது அதை உண்மையில் கேட்டிருக்கிறீர்களா?

2023 மே 12, இரவு

குரல்வளை இல்லை என்பது சரி. அதனால் சத்தம் போடாது என்பது பிழை. தூண்டிலில் கீச்சான் பிடித்தவர்களைக் கேளுங்கள். கையில் எடுத்ததும் கீச்சுக் கீச்சென்று கத்தும், அதனால்தான் அந்தப் பெயர். கெளிறு தன் செட்டை முள்ளை மூட்டில் உரசிக் கறகறவென்று சத்தம் எழுப்பும். மகன் தலைப்பை மாற்ற வேண்டாம்.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் பிறந்து வளர்ந்தவன். பாடுவதைக் கேட்டேனா என்றால், இல்லை. கேட்டவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். இதை எழுதும்போதே அது மனதை உறுத்துகிறது.

2023 மே 13

நேற்று அவசரத்தில் எழுதியது போதாது.

பல மீன்களின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று இருக்கிறது. நீரில் மிதக்க உதவும் பை அது. சில இனங்களில் அந்தப் பையின் இரு பக்கத்திலும் தனித் தசை ஒட்டியிருக்கும். தசை துடிக்கும், பை அதிரும், ஒலி பிறக்கும். மேளத் தோலை உள்ளேயிருந்து அடிப்பது மாதிரி. அமெரிக்கக் கரையில் 'தேரை மீன்' என்று ஒன்று, அதன் தசை ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 200 தடவை சுருங்கி விரியும். தேன்சிட்டு மாதிரியான அமெரிக்க ஹம்மிங் பறவையின் சிறகே 80 அளவில்தான் நிற்கிறது. முதுகெலும்புள்ள விலங்குகளின் மிக வேகமான தசைகளில் இதுவும் ஒன்று என்கிறார்கள்.

அதே குடும்பத்தில் இன்னொரு மீன் செய்த வேலையைப் பாருங்கள். கலிபோர்னியாவில் சோசலிட்டோ என்ற ஊரில் படகு வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு 1980களில் கோடைகால இரவுகளில் தூக்கமில்லை. தரையெல்லாம் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். கழிவுநீர்ப் பம்பு என்றார்கள், கடற்படையின் ரகசிய வேலை என்றார்கள். கடைசியில் மீன். ஆண் மீன் கல்லிடுக்கில் கூடு பார்த்து வைத்துக்கொண்டு பெண் மீனைக் கூப்பிடுகிறது, நிறுத்தாமல் ஒரு மணி நேரத்துக்கு மேலும். அந்த ஒலி விநாடிக்கு 100 அதிர்வு அளவில் இருக்கும். எப்படியிருக்கும் என்று அறிய ஆசையென்றால், சந்தியில் இருக்கும் மின்சார ட்ரான்ஸ்போமருக்குக் கீழே இரவில் போய் நில்லுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் ட்ரான்ஸ்போமர் முனகுவது அதன் இரு மடங்கில், அதே 100இல்.

படகு வீட்டின் அடிப்பலகை வழியாகத்தான் அவர்களுக்கு அது கேட்டது. இதைக் குறித்து வையுங்கள், பிறகு வருகிறேன்.

2023 மே 14

மீன் ஊமை என்று நம்பியவர்களுக்கு இன்னொன்று. 2,300 ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில், மீனுக்கு நுரையீரலும் மூச்சுக்குழலும் இல்லை, ஆகவே குரல் கிடையாது, ஆனாலும் சில மீன்கள் ஒலியெழுப்புகின்றன என்று பிரித்து எழுதிவிட்டார். மகனைத் திருப்பி அனுப்பியவர்கள் அதில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

2023 மே 16

தனி மடலில் ஒருவர் கேட்டதற்கு, நீரில் ஒலி காற்றைவிடப் பதினைந்து மடங்கு வேகம் என்று பதில் போட்டிருந்தேன். பிழை. காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர், நீரில் 1,500 மீற்றர். நான்கு மடங்குக்குச் சற்று மேல். 1826இல் ஜெனீவா ஏரியில் கொலாடன் என்பவர் நீருக்குள் மணியடித்து, தொலைவில் இன்னொரு படகில் குழாயை நீரில் இறக்கிக் காது வைத்துக் கேட்டு அளந்தார். 1,435 மீற்றர் என்று கிடைத்தது. குளிர்ந்த நீர், ஆகவே கொஞ்சம் குறைவு.

2023 மே 20

இன்று எழுதப்போவதுதான் எனக்கு மூன்று நாளாகத் தூக்கத்தைக் கெடுத்த விடயம்.

எமர்சன் டெனன்ட் என்ற ஐரிஷ்காரர், 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளர். 1848இல் மட்டக்களப்புக்கு வந்தவர், வாவியில் இசை கேட்கிறது என்று சொல்லக் கேள்விப்பட்டு, நிலா எழும் இரவில் மீனவர்களோடு தோணியில் போகிறார். காற்றில்லை, அலையில்லை. கோட்டை வாசல் துறையிலிருந்து வடகிழக்கே சுமார் 200 யார், அதாவது 180 மீற்றர் அளவு தூரம். நீருக்குள்ளிருந்து ஒலி வருகிறது. ஒரே நீண்ட சுரமல்ல, தனித்தனியான நுண்ணொலிகள் கூட்டமாக, கீச்சும் கனமும் கலந்து. தோணியின் மரத்தில் காதை வைத்தால் பல மடங்கு கூடுகிறது. இவ்வளவையும் எழுதி வைத்திருக்கிறார்.

முக்கியமான இடம் அதற்கு முன்னால், தோணி ஏறுமுன் மீனவர்களைக் கூப்பிட்டு விசாரித்த இடம். மீனவர்கள் அவரிடம் மீன் என்றே சொல்லவில்லை. சிப்பி என்றார்கள். 'அழும் சிப்பி' என்று பொருள்பட அதற்குத் தமிழில் ஒரு பெயர் இருப்பதாக அவர் ஆங்கில எழுத்தில் குறித்திருக்கிறார். அதை அப்படியே வாசித்தால் 'ஊரி கூளீரூ கிராடூ' என்று வருகிறது. ஓசையே பொருளுக்கு எதிரொலியாக அமைந்த பெயர் என்று வியக்கிறார்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகை நிறுத்தாமலே சொன்னார்: "ஊரி குளறுது எண்டு சொல்லியிருக்கானுகள்."

ஊரி குளறுகிறது. அவ்வளவுதான்! ஊரி எங்களுக்குத் தெரிந்த சொல், சேற்றில் கிடக்கும் சுருள் சிப்பி. செத்த வீட்டில் பெண்கள் குளறுவார்கள், அடிபட்ட பிள்ளை குளறும். டெனன்ட் பெயர் என்று நினைத்தது பெயரே அல்ல, ஒரு முழு வாக்கியம். டெனன்ட் விசாரித்தபோது மீனவர் தாங்கள் வாவியில் கேட்பதைச் சொல்லியிருக்கிறார், ஐயா, ஊரி குளறுது என்று. எங்கள் ஊர் மனிதர் ஒருவரின் வாய்ப்பேச்சு 160 ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலப் புத்தகத்துக்குள் உருத்தெரியாமல் கிடந்திருக்கிறது. இது என் வாசிப்பு, நான் இதில் உறுதியாக இருக்கிறேன்.

2023 மே 21

கல்லடிப் பாலத்தடியில்தான் பாடும் என்று எல்லோரும் சொல்கிறோமே, நானும் சொன்னேன். டெனன்ட் கேட்டது புளியந்தீவுக் கோட்டைப் பக்கம். கல்லடிப் பழைய பாலம் ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் 1924இல் வந்தது. அதற்கு முன்னால் அங்கே நின்று கேட்கப் பாலமே இல்லை. பாலம் வந்த பிறகு, நின்று கேட்க வசதியான இடம் அதுவானது. பாட்டுக்கும் பாலத்துக்கும் வேறு சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

2023 ஜூன் 4

நேற்றுப் பௌர்ணமி. போனேன்.

மாமாவின் வள்ளம். அம்மாவின் தம்பி, வயது 74, நாவற்குடாவில் இருக்கிறார். சின்ன வயதில் காதில் சீழ் வந்து இரண்டு காதும் மந்தம். பகல் முழுக்கக் கச்சான் காற்று அடித்து, இரவு ஒன்பதரைக்கு மேல்தான் ஓய்ந்தது. பழைய பாலத்தின் தூணில் கயிற்றைப் போட்டோம். மேலே பொடியன்கள் தொலைபேசி வெளிச்சம் அடித்துக்கொண்டு நின்றார்கள்.

மாமா துடுப்பைத் தந்தார். கைபிடியில் பிடித்துப் பிடித்து மரம் கறுத்து எண்ணெய் பூசினது போல வழவழவென்று இருக்கிறது. நீருக்குள் செங்குத்தாக இறக்கி, மேல் நுனியைக் காதோடு ஒட்டினேன். முதலில் கேட்டது என் நாடித்துடிப்பு. பிறகு என் உள்ளங்கை மரத்தில் உரசும் சத்தம்.

"இறுக்காத மனே. அடியில முட்டாமப் புடி. மூச்ச மெதுவா விடு."

கையைத் தளர்த்தியதும் நீர் திறந்துவிட்டது போல இருந்தது. பொரியல் சட்டியில் கடுகு வெடிப்பது மாதிரி இடைவிடாத படபடப்பு. அதற்கு அடியில், விட்டு விட்டு, சங்குக்குள் வண்டு அடைபட்டது போல ஒரு ரீங்காரம். துடுப்பிலிருந்து காதை எடுத்தால் ஒன்றுமில்லை, பாலத்தில் பேச்சுக்குரல் மட்டும். மறுபடி ஒட்டினால் அந்த உலகம்.

மாமாவிடம் கொடுத்தேன். அவர் காதில் வைக்கவில்லை. கைபிடி நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விரலால் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார், நான் கேட்ட அதே இடைவெளியில். இடியோசையை ஒழிய ஒன்றும் சரியாகக் கேட்காத மனிதர்.

2023 ஜூன் 5

ஒரு நாள் யோசித்த பிறகு நேற்று எழுதியதில் பாதியைத் திருத்த வேண்டியிருக்கிறது.

அந்தப் படபடப்பு மீனுமல்ல, ஊரியுமல்ல. இறால். ஒரு கொடுக்குப் பெருத்த சின்ன இறால் இனம் உண்டு, விரல் நீளம் வராது. கொடுக்கைச் சொடுக்கும் வேகத்தில் நீர் பீறிட்டு, ஒரு குமிழி பிறந்து உடனே நொறுங்குகிறது. அந்தக் குமிழி நொறுங்கும்போதுதான் சத்தம், கொடுக்கு மோதுவதால் அல்ல. நொறுங்கும் கணத்தில் உள்ளே வெப்பம் 4,700 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறுகிறது, சூரியனின் மேற்பரப்புக்குக் கிட்ட! கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு வெளிச்சமும் வருகிறது என்று 2001இல் கண்டுபிடித்தார்கள். வெதுவெதுப்பான கரையோரக் கடல்களில் எல்லாம் இந்த இரைச்சல் உண்டு.

ரீங்காரம்? அங்கேதான் என் சந்தேகம். 2013இல் திறந்த புதுப் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. லொறி போனால் தூண் அதிரும், தூண் வழியாக நீர் அதிரும். நான் கேட்டது மீனா, லொறியா? நேற்று அவ்வளவு உறுதியாக எழுதியிருக்கக் கூடாது. பாலத்தை விட்டுத் தள்ளிப் போய்த் திரும்பக் கேட்டால்தான் முடிவு.

2023 ஜூன் 11

மாமா ஏன் கடித்தார் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள்.

அவருக்குப் பழுது செவிப்பறையில், உட்காதில் அல்ல. பல்லில் பட்ட அதிர்வு தாடை எலும்பு, மண்டை எலும்பு வழியாக நேரே உட்காதுக்குப் போய்விடுகிறது, பழுதான வாசலைத் தொடாமல். நம் குரலைப் பதிவில் கேட்டால் யாரோ பேசுவது போல இருப்பதும் இதனால்தான். பேசும்போது நமக்கு எலும்பு வழியாகவும் கேட்கிறது, பதிவில் காற்று வழி மட்டும்.

துடுப்பு ஏன் தேவை என்பதற்கும் இதே மாதிரி விடை. நீருக்குள் பிறந்த ஒலி நீர்மட்டத்தில் வந்து மோதினால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் காற்றுக்குள் வரும், மற்றதெல்லாம் திரும்ப உள்ளேயே போய்விடும். மரம் அப்படியல்ல, நீரோடு ஒத்துப்போகிறது, அதிர்வை வாங்கிக் காது வரை கொண்டுவருகிறது. சோசலிட்டோவில் படகின் அடிப்பலகை செய்த வேலை இதுதான்.

இதைத் தேடிக்கொண்டு போனபோது கிடைத்ததையும் சொல்லிவிடுகிறேன். நம் நடுக்காதில் மூன்று சிற்றெலும்புகள்: சம்மட்டி, பட்டடை, ஏந்தி. ஏந்தி மூன்று மில்லிமீற்றர் அளவு, உடம்பிலேயே மிகச் சிறியது. இந்த எலும்புகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? நம் தொல் மூதாதையரான மீன்களின் தாடை எலும்புகளும் தாடையைத் தாங்கிய எலும்பும்தான் கோடிக்கணக்கான ஆண்டுகளில் சுருங்கி, இடம் மாறி, காதுக்குள் வந்து சேர்ந்தன. மீன் பாடுகிறதா என்று நாம் கேட்பதே மீனின் தாடையால்தான். பேச்சுப் போட்டிக்கு இதையும் மகனுக்குக் கொடுங்கள்.

2023 ஜூன் 18

மீன் சத்தத்துக்கு அரசாங்கங்களே ஏமாந்திருக்கின்றன. 1942இல் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க நீருக்குள் ஒலிவாங்கி போட்டார்கள். வசந்தகால மாலைகளில் தெருவைத் தோண்டும் இயந்திரம் போல இரைச்சல், வேறு எதுவும் கேட்கவில்லை. கத்தாளை இன மீன்கள் கூட்டமாக வந்து கத்தியிருக்கின்றன.

சுவீடன் கதை இன்னும் நீளம். 1981இல் சோவியத் நீர்மூழ்கி ஒன்று அவர்கள் கரையில் உண்மையாகவே தரைதட்டியது. அதற்குப் பிறகு நீருக்குள் எந்தச் சத்தம் கேட்டாலும் சந்தேகம். ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 1996இல் வால்பெரி, வெஸ்டர்பெரி என்ற இரு ஆய்வாளர்களிடம் பதிவைக் கொடுத்தபோது, அது ஹெரிங் மீன் கூட்டம் பின்புறமாகக் காற்றுக் குமிழி விடும் சத்தம் என்று காட்டினார்கள்.

2023 ஜூலை 3

நேற்றிரவு கோட்டைப் பக்கம். டெனன்ட் சொன்ன இடத்துக்கு ஏறத்தாழப் போய், கயிறு எங்கும் கட்டாமல் வள்ளத்தை விட்டோம். பாலம் தூரத்தில். பதினொரு மணிக்கு மேல்.

இறால் படபடப்பு இருந்தது, கொஞ்சம் குறைவாக. பத்து நிமிடம் வேறொன்றும் இல்லை. பிறகு 'கொர்... கொர்... கொர்...' மூன்று மூன்றாக. ஒரு இடத்தில் தொடங்க, தள்ளி இன்னொன்று பதில் சொல்வது போல. ஒன்று தடித்த ஒலி, மற்றது மெல்லியது. மாமா வள்ளத்தின் விளிம்பில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். உடனே எல்லாம் அடங்கியது. நான் நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன், நாற்பதுக்கு மேல் போனபின் ஒன்று மெதுவாகத் தொடங்கியது. திரும்பத் தட்டினார், திரும்ப அடங்கியது.

லொறியின் அதிர்வென்றால் நாங்கள் தட்டியதற்கு அடங்காது. ஜூன் 5இல் எழுதிய சந்தேகம் எனக்குத் தீர்ந்துவிட்டது. உயிருள்ள ஒன்றுதான் அங்கே இருக்கிறது, அது நம்மையும் கேட்கிறது.

ஊரியா மீனா? ஊரிக்கு இப்படி ஒலியெழுப்பும் உறுப்பு இல்லை. மீனவர்கள் டெனன்டுக்குக் கொண்டுவந்து கொடுத்த சுருள் சிப்பிகள் சேற்றிலும் பாறையிலும் ஊர்பவை. ஒலி அடியிலிருந்து வந்தது, அடியில் கண்ணில் பட்டது ஊரி, அதனால் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். மீன் என்பதே என் முடிவு, ஒரே இனமாகவும் இருக்க வேண்டியதில்லை. மூன்று மூன்றாய் வந்தது ஒன்று, கல்லடியில் கேட்ட ரீங்காரம் இன்னொன்று.

2023 ஜூலை 4

பௌர்ணமிக்கும் பாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கல்முனையிலிருந்து ஒருவர். நிலாவைப் பார்த்து முட்டையிடும் மீன்கள் பல உண்டு, ஆக ஒன்றுமில்லை என்று தள்ள முடியாது. ஆனால் நிலா இல்லாத இரவில் யார் போய்க் கேட்டார்கள்? அமாவாசையிலும் போய்ப் பார்க்க வேண்டும்.

2023 ஜூலை 17

போனேன். அமாவாசை. கேட்டது. குறைவாக, ஆனால் கேட்டது.

2023 ஆகஸ்ட் 27

ஒலி பற்றிப் பேசும் இடத்தில் இன்றைய நாளை விட முடியாது. 140 ஆண்டுகளுக்கு முன், 1883 ஆகஸ்ட் 27 காலை, இந்தோனேசியாவில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. 4,800 கிலோமீற்றர் தள்ளி, இந்து சமுத்திரத்தின் மறுபக்கம் ரொட்ரிக்ஸ் தீவில், நான்கு மணி நேரம் கழித்துப் பீரங்கிச் சத்தம் போலக் கேட்டதாக அங்கிருந்த காவல்துறை அதிகாரி பதிந்து வைத்தார். இலங்கையிலும் கேட்டது. காற்றழுத்த அலை பூமியை மூன்று நான்கு தடவை சுற்றியதை உலகெங்கும் அழுத்தமானிகள் காட்டின.

கடலும் வந்தது. மாண்டவர் 36,000க்கு மேல், பெரும்பாலும் ஜாவா, சுமாத்திரா கரைகளில். அம்பாறைக்காரர்கள் அறிய வேண்டியது: சுமார் 3,000 கிலோமீற்றர் தள்ளி, நம் அறுகம்குடாவில் ஒரு பெண் அந்த அலையில் அடிபட்டு இறந்துபோனார். 2004க்கு முன்னால் இந்தக் கரைக்குச் சுனாமி வந்ததே இல்லை என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். கல்லடியில் சாய்ந்து நின்ற திருச்செந்தூர் முருகன் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஒரு பெண்ணின் கதையை யாராவது எங்களுக்குப் பள்ளியில் சொல்லித் தந்திருக்கலாம். கடல் உள்வாங்கினால் மீன் பொறுக்கப் போகாதே, ஓடு என்று அதோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

2023 செப்டம்பர் 30

நேற்றைய பௌர்ணமிக்கு மாமாவுக்குக் காய்ச்சல், போகவில்லை. உப்போடைப் பக்கம் நடந்து விபுலாநந்த அடிகளின் சமாதியடியில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

காரைதீவில் 1892இல் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, அதே காலத்தில் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 'யாழ் நூல்' என்று பழந்தமிழ் யாழ்களின் நரம்புகளைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்தார், 14 ஆண்டு உழைப்பு. அது 1947 ஜூனில் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் காலமானார். அந்த நூலின் தொடக்கத்தில், நிலவொளியில் மட்டக்களப்பு வாவியில் பாடும் நீரரமகளிர் வருகிறார்கள். அவருக்கு அது அலங்காரமாக மட்டும் இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். அதிர்வைக் கணக்கிடத் தெரிந்த மனிதர், இந்த நீரோரத்தில் வளர்ந்தவர். கேட்டிருப்பார்.

ஐம்பதுகளில் புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த அமெரிக்க இயேசு சபைக் குரு லாங் நீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிவு செய்ததையும், அது இலங்கை வானொலியில் ஒலித்ததையும் அம்மா சொன்னார். அவருடைய அப்பா அதை வானொலியில் கேட்டுவிட்டு, "இதக் கேக்கக் கொழும்புக்காரன் பெட்டி வாங்கணும், நமக்குத் துடுப்புப் போதும்" என்றாராம்.

2023 டிசம்பர் 10

மாரி மழை. வாவி நிரம்பி முகத்துவாரம் பக்கம் கலங்கல் நீர் கடலுக்கு இழுக்கிறது. மாமா தேறிவிட்டார், வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல் நேற்று வள்ளத்தை இறக்கினார். துடுப்பை வைத்தால் நீர் ஓடும் இரைச்சல், அடியில் மணல் உருளும் சத்தம். வேறு எதுவும் இல்லை. கோடையில் கேட்கும், மழை வெள்ளம் வந்தால் நின்றுவிடும் என்று 1848இல் அந்த மீனவர்கள் டெனன்டிடம் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி.

திருக்கோவில் நண்பருக்கு: மகன் போட்டியில் இரண்டாமிடம் என்று எழுதியிருந்தீர்கள். சித்திரை வருடம் பிறந்த பிறகு வரும் பௌர்ணமிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கரையில் இப்போது பிளாஸ்டிக் துடுப்புகள் வந்துவிட்டன, அவற்றில் கேட்குமோ தெரியாது. மாமா தன் பழைய துடுப்பைக் கழுவிக் காயவைத்து, வீட்டுக்குள் கூரை வளையில் செருகியிருக்கிறார். "திருக்கோயில் பொடியன் வந்தா குடு" என்று சொல்லி வைத்திருக்கிறார்.